மேஜை முறை

அடிவயிற்றை யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோலப் பிழிந்தார்கள். அரைப்படி முதலில் சுமையைத்தான் சந்தேகப்பட்டாள். குட்டையாக இருப்பதால் லாண்டரியில் அவளுக்கு அந்தப் பெயர். மிஷினிலிருந்து இறக்கிய ஆஸ்பத்திரி விரிப்புகளை உலர்த்தும் அறைக்குக் காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்கும், தோள் வலிக்கும், அதெல்லாம் பழகினது. இது புதுசு. கூடையைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். தினம் தேய்த்துக் கழுவுகிற கறைதான். ஆனால் இது அவளுடையது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இருபத்தாறு வயது வரை வராதது. வயிற்றில் பிள்ளையோடு கல் சுமந்ததால்தான் மகளுக்கு இப்படி என்று அம்மா தன்னையே ஏசிக்கொண்டிருந்தாள். போன வருஷம்தான் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "குரோமோசோம் ஜோடி ஜோடியா இருக்கணும்மா. உனக்குக் கடைசி ஜோடியில ஒண்ணு இல்ல. எக்ஸ்னு பேரு. அதான் உயரமும் வரல, மாதவிலக்கும் வரல."

"காலுறையில ஒண்ணு காணாமப் போற மாதிரியா? எங்க லாண்டரியில தினமும் அதே சண்டைதான் டாக்டர். யாரு தொலைச்சது?"

"யாரும் தொலைக்கல. நீ உருவாகும்போதே வந்து சேரல. உங்கம்மா தூக்குன கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

விடாமல் மாத்திரை போட்டால் ஒரு வருஷத்தில் ரத்தம் வரும், எலும்புக்கும் பலம். அதனால் பிள்ளை உண்டாகிவிடும் என்று நினைக்காதே என்பதையும் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அன்று அழுததோடு சரி.

லாண்டரியில் பெண்களுக்குள் ஒரு முறை உண்டு. அந்த நாளில் இருப்பவளுக்கு மடிக்கிற மேஜை, உட்கார்ந்து வேலை. அவள் பங்கு ஈரத் துணியை மற்றவர்கள் தூக்குவார்கள். எட்டு வருஷத்தில் அரைப்படி ஒரு தடவைகூட மேஜை கேட்டதில்லை. "உனக்கு வலியே வராதாடி?" என்றால் "வராது" என்பாள். வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நாக்கு எழவில்லை.

இப்போது வெளியே வந்து மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்: "எனக்கு மேஜை வேணும்!"

மிஷின் ஓட்டுகிற அக்கா திரும்பினாள். "உனக்கா? என்னடி ஆச்சு?"

"வந்துருச்சுக்கா. இதுதான் முதல் தடவை!"

அக்கா மிஷினையே நிறுத்திவிட்டாள். "இந்த வயசுலயா?"

"பஸ் லேட்டு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். காணாத எக்ஸ், மாத்திரை, பிள்ளை கிடையாது என்பது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது.

"படுபாவி! அப்போ எங்க முறையெல்லாம் நீயே தூக்கிட்டு, வாயைத் தச்சா வச்சிருந்த?" அக்கா அவளை இழுத்து முக்காலியில் உட்காரவைத்து, உலர்த்தியிலிருந்து எடுத்த சூடான விரிப்பை வயிற்றோடு அணைத்து வைத்தாள். பிறகு குனிந்து, முக்கி, ஈர மூட்டையைத் தானே தூக்கினாள்.

தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டே அரைப்படி அதட்டினாள். "பாத்து தூக்குக்கா. இது இன்னைக்குக் கணக்குதான். எட்டு வருஷ மேஜை இன்னும் பாக்கி."