கறுப்பு ஏறாத நூல்

தாய்லாந்து மன்னர் மறைந்த மூன்றாம் நாள் எங்கள் ராச்சபுரிச் சந்தையில் கறுப்புச் சட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. துணிக்கடைகளில் வெறும் ஹேங்கர்கள் ஆடிக்கொண்டிருந்தன. அரசு ஊழியர்களுக்கு ஓராண்டு துக்கம் என்று அறிவித்திருந்தார்கள். மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டோம். யாரும் கட்டாயப்படுத்தி நாங்கள் அழவில்லை, உண்மையாகவே அழுதோம். ஆனால் கறுப்பு உடுத்தாதவனின் கண்ணீர் செல்லாது என்ற நிலை இரண்டே நாளில் வந்துவிட்டது.

என் பெயர் புன்லுவா. சந்தை முகப்பில் சலவைக்கடை வைத்திருக்கிறேன். என்னால் முடிந்த புண்ணியமாக இருக்கட்டும் என்று வாசலில் பெரிய அலுமினிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, கறுப்புச் சாயமும் கல்லுப்பும் போட்டுக் கொதிக்கவைத்தேன். எந்த நிறச் சட்டையைக் கொண்டுவந்தாலும் இலவசமாகச் சாயம் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சட்டை, கால்பந்துச் சட்டை, உரக் கம்பெனி கொடுத்த சட்டை, எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்து கறுப்பாக எழுந்தன.

சாயம் போடுகிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. துணி பருத்தியாக இருந்தாலும் தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்திச் சாயம் அதில் ஏறாது. சட்டை எவ்வளவு கறுத்தாலும் காலர் ஓரத்திலும் கை மடிப்பிலும் பழைய நிறம் ஒரு மெல்லிய கோடாக நிற்கும். யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை என்பதால் நான் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை கூட்டம் கலைந்த பிறகு சந்தைக் குழுத் தலைவர் பிரசோப் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டி, பிரிக்காமல் போட முடியுமா என்று கேட்டார். பிரிக்காமல் எப்படிப் போடுவது? பிரித்தேன். நல்ல சிவப்புச் சட்டை. ஆறு வருடத்துக்கு முன் அரசை எதிர்த்துப் பாங்காக் தெருக்களில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்கள் அணிந்தது. அந்தச் சிவப்பை உடுத்தியவன் மன்னருக்கு ஆகாதவன் என்று இப்போது பேசுவார்கள். ஒருவன் முன்பு எங்கே உட்கார்ந்திருந்தால் எனக்கென்ன? போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மாலிவன் அக்கா கடை திறக்க வந்தார். தேங்காய்ப்பால் பணியாரம் சுடுகிறவர், கணவர் இல்லை, அந்த ஒரு கல்தான் வாழ்க்கை. மன்னரின் செய்தி வந்த நாளிலிருந்து அடுப்பு மூட்டாமல் வீட்டில் கிடந்தவர், அன்று மஞ்சள் சட்டையில் வந்தார்.

மன்னரை உயிராக நேசித்த ஒருவர்தான் அப்படித் தவறு செய்ய முடியும். தவறு என்றுகூட நான் சொல்ல மாட்டேன். எங்கள் நாட்டில் கிழமைக்கு ஒரு நிறம். மன்னர் பிறந்தது திங்கட்கிழமை, திங்களின் நிறம் மஞ்சள். அவர் அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டில் நாடே திங்கள்தோறும் மஞ்சள் உடுத்தியது. மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா பத்து வருடமாக நிறுத்தவில்லை. மன்னர் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமைக்கு அவருடைய நிறத்தை உடுத்தாமல் வேறு எதை உடுத்துவது என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை.

முதல் ஆள் கத்தியபோது, வேறு யாரையோ திட்டுகிறார்கள் என்று நினைத்து அக்காவும் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டம் சேர்ந்தது. திருவிழாவுக்கு வந்தவள் போல இருக்கிறாள் என்றாள் மீன் விற்கிறவள். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய பிள்ளைக்கு அக்கா காசு வாங்காமல் பணியாரம் கொடுத்திருந்தார். படம் பிடிக்க மூன்று நான்கு போன்கள் உயர்ந்தன.

பிரசோப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலைவர் வந்துவிட்டார், அடக்குவார் என்று நம்பினேன். அவர் போன்களைப் பார்த்தார். குரல் உயர்ந்தது.

"ஏம்மா, நாடே அழுவுது. உனக்கு மட்டும் கல்யாணமா?"

"இது அவரு நெறம், தம்பி. இன்னிக்குத் திங்கக்கெழமை."

"அதெல்லாம் வேணாம். புன்லுவா அண்டாவுல சட்டையப் போடு. இல்லையா, படத்துக்கு முன்னாடி மண்டி போட்டு சத்தமா மன்னிப்புக் கேளு. ரெண்டும் மாட்டேன்னா நாளையிலேர்ந்து உனக்கு இங்க எடம் கெடையாது."

சந்தை வாசலில் கறுப்புத் துணி கட்டிய மன்னர் படம் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு போன்களைப் பார்த்தார்.

"அவரு முன்னாடி தெனமும் மண்டி போடுறவதான் நான். இன்னிக்குக் காலையிலயும் போட்டேன். உங்க போனு முன்னாடி போட மாட்டேன்."

பிரசோப் அக்காவின் மாவுப் பாத்திரத்தைக் காலால் தள்ளினார். தேங்காய்ப்பால் மாவு சிமென்ட் தரையில் வெள்ளையாக ஓடி என் அண்டாவரை வந்தது. அப்போதுதான் பிரசோப்பின் காலரைக் கவனித்தேன். ஆவேசத்தில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் சிவப்புத் தையல், பளிச்சென்று.

புத்தரை நம்புகிறவன் நான். சினம் தீ என்று தினமும் ஓதுகிறவன். ஆனாலும் அந்த நிமிடம் அந்தத் தீ எனக்கு இனித்தது. ஒரு வாக்கியம் போதும், கூட்டம் அப்படியே திரும்பிவிடும். போன்களும் திரும்பும். சாயக்கோலைப் பிடித்தபடி ஓரடி முன்னால் வந்தேன்.

"தலைவரே, உங்க சட்டை..."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் சிந்திய மாவை மிதித்துக்கொண்டு பிரசோப்பின் அருகே போய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் போல இரண்டு கையாலும் காலரை மடித்துவிட்டார். மெல்லத்தான் சொன்னார், அருகில் நின்ற எனக்குக் கேட்டது.

"காலரு தூக்கிட்டு நிக்குது, தம்பி. பாக்குறவங்க தப்பா நெனப்பாங்க."

பிரசோப்பின் முகத்தில் ரத்தமே இல்லை. கை தானாகக் காலரைப் பொத்தியது. போதும், எல்லாரும் போங்க என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போன்களில் எடுத்த படம் அதற்குள் ஊரெங்கும் போய்விட்டது. மாலையில் குழுவின் கடிதம் வந்தது: துக்க ஆண்டு முடியும்வரை மாலிவனுக்குச் சந்தையில் இடமில்லை. கீழே பிரசோப்பின் கையெழுத்து. காலரை மடித்துவிட்ட கைக்கு அவர் கொடுத்த பதில் அது. மறுநாள் என் கடை வாசலில் அண்டாவை ஓரமாகத் தள்ளி, அக்காவின் கல்லுக்கு இடம் விட்டேன். பதினைந்து நாள் ஒருவரும் வாங்கவில்லை. நானும் துவைக்கும் பெண்களும் மூன்று வேளையும் பணியாரமே தின்றோம். பதினாறாம் நாள் பிச்சைப் பாத்திரத்தோடு வந்த துறவி ஒருவர் அக்கா முன் நின்று பணியாரத்தை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மீன் விற்கிறவள் மட்டும் வரவில்லை, பிள்ளையை அனுப்பினாள்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அரசிடமிருந்து வேண்டுகோள் வந்தது. மன்னரின் தகனத்துக்குள் நாடெங்கும் சாமந்தி பூக்க வேண்டும், மஞ்சள் சாமந்தி, ஏனென்றால் அது அவர் பிறந்த நாளின் நிறம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஏழைப் பெண் தானாகச் செய்தது குற்றம். அதையே மேலிடம் சொன்னால் பக்தி.

கடைக்கு ஒரு தொட்டி என்று நாற்று கொண்டுவந்தவர் பிரசோப். என் வாசலில் இரண்டு வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அக்கா, உங்க பழைய எடம் காலியாத்தான் இருக்கு."

மன்னிப்பு என்ற சொல்லை அவரிடம் தேடினேன். வரவில்லை.

"இங்கயே இருக்கேன், தம்பி," என்றார் அக்கா. "சாமந்திக்கு இங்கதான் வெயில் நல்லா விழுது." நான்கு பணியாரத்தை வாழையிலையில் மடித்து அவர் கையில் வைத்தார். எனக்கு அன்று முழுக்க அக்காவோடும் பேசப் பிடிக்கவில்லை.

தகன நாளன்று சிதைக்குக் கொடுக்கும் சந்தனக் காகிதப் பூவைச் சமர்ப்பிக்க ஊரே வரிசையில் நின்றது. இருபுறமும் சாமந்தி மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. கடும் வெயில். ஓராண்டு துவைத்த கறுப்புச் சட்டைகள் சாம்பல் நிறமாகியிருந்தன. தையல்கள் வெளியே தெரிந்தன: வெள்ளை, பச்சை, ரோஜா. அக்கா எனக்குப் பின்னால், கறுப்பில். எனக்கு முன்னால் பிரசோப், அதே சட்டையில். தையலின்மேல் எப்போதோ கறுப்பு மார்க்கர் தடவியிருந்தார். வேர்வையில் அது கரைந்து கழுத்தில் வழிந்திருந்தது. காலர் மறுபடியும் தூக்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் பார்வை என் முதுகில் பட்டதோ என்னவோ. கையிலிருந்த பூவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் காலரை மடித்துவிட்டேன். அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது.

என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. அன்று கை தானாகக் காலருக்குப் போனது, அவ்வளவுதான்.