போர்வையில் தைத்த சட்டைப்பை

என் தம்பிக்கு எதையும் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டணும். கட்டில்ல பரப்பியிருந்த பழைய போர்வைத் துண்டுகளைத் தொடப் போன என் கையைத் தட்டிவிட்டான்.

"அக்கா, ஊசிய எடுத்தே, எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நேரா ஃப்ரேம் கடைக்குத்தான்."

"அடேயப்பா! தலையில முடியக் காணோம், கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

அது அம்மா தைச்ச ஒட்டுப்போர்வை. எங்க பாவாடை, ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாத்தையும் வெட்டிச் சேர்த்தாங்க. நடுவுல அப்பாவோட வேலைச் சட்டை, பையோட. பையைப் பிரிச்சா அந்த இடம் மட்டும் வேற நிறமாத் தெரியும்னு அப்படியே விட்டுட்டாங்க.

அப்பா தவறிப்போனப்போ தம்பி கைக்குழந்தை. அவர் முகமே அவனுக்கு ஞாபகமில்ல. அந்தப் பைக்குள்ள கையை விட்டாத்தான் தூங்குவான், நான் போர்வையை இழுத்தா ஊரைக் கூட்டுவான். இப்போ போர்வை தொட்டாலே உதிருது. மிச்சத்தைப் புதுத் துணிமேல வச்சுத் தைச்சுப் போர்த்திக்கணும்னு எனக்கு ஆசை. இதுவும் போச்சுன்னா அப்பா மொத்தமாப் போயிடுவாருன்னு அவனுக்குப் பயம். பாவமாத்தான் இருந்தது, ஆனா விட்டுக்கொடுக்க மனசு வரல.

காபி போட்டு எடுத்துட்டு வந்தவ வாசல்லயே நின்னுட்டேன். யாரும் தொடக்கூடாதுன்ன மகராசன், ரெண்டு விரலைப் பைக்குள்ள விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். என்னைப் பார்த்ததும் வெடுக்குனு உருவினான். ஒரு ஓரம் தையல் விட்டு, பை மடங்கித் தொங்கிப்போச்சு.

"ஐயோ அக்கா! கெடுத்துட்டேனே!"

நல்லா நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பைக்கு அடியில மட்டும் துணி வெளுக்காம, பளிச்சுனு நீலம். இத்தனை வருஷம் கையை விட்டானே தவிர, ஒருநாளும் உள்ள எட்டிப் பார்த்ததில்ல.

"அப்பா சட்டை வெள்ளை இல்லியா?" குனிஞ்சு பார்த்தான்.

"நீலம்டா. வேலைக்குக் கிளம்பி, அந்தச் சட்டையோட உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நிப்பாரு. அம்மா வந்து பிடுங்கினாத்தான் விடுவாரு." அந்த நிறத்தை நானும் மறந்துதான் போயிருந்தேன்.

ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான். காபி ஆறிப்போச்சு. அப்புறம் பையை மெதுவாத் தடவி மூடினான்.

"ஃப்ரேம் வேண்டாம்க்கா. கண்ணாடியைப் போட்டுட்டா இதை எப்படித் திறந்து பார்க்கிறது? நீயே தைச்சிடு."

நான் ஊசியில நூலைக் கோர்த்தேன்.

"அந்தப் பிரிஞ்ச ஓரத்தை மட்டும் தைக்காதக்கா"ன்னான்.