ஒரே தொட்டி

மூன்று அட்டைப்பெட்டிகள் கூடத்தின் நடுவில் கிடந்தன. உள்ளே நாற்பது டிரம்பெட். அந்தக் கூடத்தில் வெளிநாடு போய் வந்தவை அவை மட்டும்தான். விரலால் அழுத்தும் பிஸ்டன் சிக்குகிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஊதிப் பார்த்துச் சோதிக்கும் ஆளைச் செலவு மிச்சம் என்று கம்பெனி நிறுத்திவிட்டதால், சிக்கலை முதலில் கண்டுபிடிக்கும் பாக்கியம் ஏதோ தேசத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தது.

மேஸ்திரி ஒன்றை எடுத்து, முதல் பிஸ்டனைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தார். இரண்டு கீறல். இன்னொன்று. அதிலும் இரண்டு கீறல். இரண்டு பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

பிஸ்டனைக் குழலுக்குப் பொருந்தத் தேய்ப்பவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தியின் அடையாளம் ஒரு கீறல், ஒருத்திக்கு இரண்டு, ஒருத்திக்குப் பெருக்கல் குறி. மற்ற இருவரும் இரண்டு கீறல்காரியை விட்டு அரையடி தள்ளி நின்றார்கள்.

"என்னம்மா, கையால தேய்ச்சியா, காலாலயா?"

"இருபது நிமிஷ வேலைய ஏழு நிமிஷத்துல முடின்னு சொன்னது நீங்கதானே?"

"அவங்களுக்கும் ஏழுதான். அவங்க பீஸு திரும்பி வரலையே. நாப்பதையும் கூலியில்லாம தேய்ச்சுக் குடு. இல்ல, நாளைலேர்ந்து வராத."

மத்தியானம் இரண்டு கீறல்காரி சோற்று டப்பாவைத் திறந்தாள். தன் கீறலை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. பெருக்கல் குறிக்காரி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சும்மா இருந்தால் ஏன் சும்மா இருக்கிறாள் என்று பார்த்தாள். தினமும் கேட்காமலே இவள் டப்பாவில் கைவிடும் இவளுடைய கொழுந்தன் இன்று பாலிஷ் மெஷின் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். அவன்தான் பிஸ்டன் கழுவி மாட்டுகிறவன்.

பெட்டியிலிருந்து ஒரு டிரம்பெட்டை எடுத்து மூன்று பிஸ்டனையும் கழற்றினாள். முதலாவதில் இரண்டு கீறல். அடுத்ததில் பெருக்கல். மூன்றாவதில் ஒன்று. ஒரு டிரம்பெட்டின் மூன்றையும் ஒருத்திதான் தேய்ப்பாள். எந்தக் குழலில் தேய்த்தார்களோ அந்தக் குழலில்தான் பிஸ்டன் வழுக்கி ஓடும்.

கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"எத்தனை தொட்டிடா வெச்சுக் கழுவற?"

"அண்ணி..."

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஒன்னுதான். தனித்தனியா கழுவினா நேரமாவுதுன்னு மேஸ்திரி எல்லாத்தையும் ஒன்னா கொட்டச் சொன்னாரு. பிஸ்டன்ல நம்பர் குத்தறதையும் நிறுத்திட்டாங்க. எது எதோடதுன்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"கார்த்தாலயே வாயத் தொறந்திருக்கலாமே?"

அவன் டப்பாவை மூடினான்.

மூன்று பிஸ்டனையும் மேஸ்திரியின் மேஜையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தொட்டியையும் பார்த்தார்.

"சரி, உன் மேல தப்பில்ல" என்றார். "கழுவறவன் மாத்திப் போட்டிருக்கான். அவன அனுப்பிடறேன். நீ போய் வேலையப் பாரு."

"ஒரே தொட்டியில கொட்டச் சொன்னது..."

"ஓனருக்கு ஒரு பேரு எழுதணும்மா. தொட்டி பேரையா எழுத முடியும்?"

கொழுந்தன் பெண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாசம். இரண்டு கீறல்காரி மேஜையிலிருந்த பிஸ்டன்களைப் பொறுக்கிக்கொண்டாள்.

"என் பேரையே எழுதுங்க. தேய்ச்சுத் தரேன்."

"அப்ப எல்லாத்துலயும் உன் குறி இருக்கணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

நான்கு நாள் தேய்த்தாள். மற்றவர்களின் குறிகளை அரம் வைத்து அழித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கீறல் போட்டாள். நாற்பதிலும் பிஸ்டன்கள் எண்ணெய் மாதிரி ஓடின. கழுவுவதற்காக டிரம்பெட்டுக்கு ஒரு தட்டாக, மூன்று மூன்றாகப் பிரித்துக் கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் முதல் மூன்றை மட்டும் எடுத்துத் தண்ணீரில் நனைத்தான்.

"டேய், லாரி வாசல்ல நிக்குது!" என்று மேஸ்திரி கத்தினார்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். நூற்றிருபது பிஸ்டனும், இரண்டிரண்டு கீறலோடு, கலகலவென்று தொட்டிக்குள் இறங்கின.