பொன்னுராஜின் ராசியான கை

பொன்னுராஜ் மேல் நாகஜோதிக்கு இருந்தது ஆறுகிற ஆத்திரம் இல்லை. தேனியில் பெரிய கார் ஷோரூமுக்கு மேனேஜர் அவர். அவர் கையால் சாவி வாங்கினால் வண்டிக்கும் வீட்டுக்கும் ராசி என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. அங்கே வேலை பார்த்தபோது நாகஜோதி சாவி கொடுத்த ஒரு வண்டியை, எவனோ போதையில் ஓட்டிப் பள்ளத்தில் உருட்டிவிட்டான். பொன்னுராஜ் குடித்தவனை விட்டுவிட்டு, கொடுத்தவளைப் பிடித்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் கை வேறெப்படி இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லி, வேலையை விட்டு அனுப்பினார்.

இப்போது அவள் எதிர்ச்சாரி ஷோரூமில் இருக்கிறாள். உள்நாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாக இறக்கிய தாழ்வான செடான் கார், மிதித்தால் பறக்கும். வாங்கத்தான் ஆளில்லை. ஏலத்தோட்டத்துக்கும் வாழைத்தோப்புக்கும் போகிறவர்கள் உயரமான வண்டிதான் கேட்டார்கள். இதில் ஏறுவதா, படுப்பதா என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். இந்த மாதம் ஒன்றாவது போகாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

சின்னமனூர் சுருளிராஜன் ஏலத்தோட்டக்காரர். அவர் வாங்கினால் ஊரே வாங்கும். ஆனால் அவர் பொன்னுராஜிடமே மூன்று வண்டி எடுத்தவர். நாகஜோதி அவரை விட்டுவிட்டு, அவர் மனைவி ஹேமாவதியிடம் பேசினாள். கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறினால் அந்த அம்மாவுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் இல்லாமல் எந்த வண்டியிலும் கால் வைக்க மாட்டார்.

இந்த வண்டியில் வாந்தி வராது என்று நாகஜோதி சொன்னதை நம்பி, சுருளிராஜனே ஓட்ட, மூவரும் செடானில் மலை ஏறினார்கள். ஏற்றத்தில் வண்டி திணறவே இல்லை. வளைவுகளில் ஆடாமல் அசையாமல் திரும்பியது. மேலே போய் இறங்கியபோது பழம் சீட்டிலேயே மறந்து கிடந்தது. ஹேமாவதி டீக்கடையில் வடை கேட்டார். சுருளிராஜன் அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவர் இழுத்து இழுத்துப் பேசினார். "வண்டி அருமைத்தா. பொன்னுராஜ்தான் போன் போட்டு, உன் கையால சாவி வாங்க வேணாம்ங்கிறாப்ல."

நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிறகு சிரித்துக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடுகிறது, கெடட்டும்.

"அப்ப அவுக கையாலயே வாங்குங்கய்யா. நீங்க கூப்பிட்டா வரமாட்டேன்னா சொல்லப்போறாக?"

சுருளிராஜன் கூப்பிட்டார். பொன்னுராஜ் முதலில் நெளிந்தார். வேறு கம்பெனி வண்டி என்றால் கைராசி வேலை செய்யாதா என்று சுருளிராஜன் கேட்டதும், வருவதாக ஒத்துக்கொண்டார். மாட்டேன் என்றால் பெரிய வாடிக்கையும் போகும், கைக்கு இருந்த பேரும் போகும்.

சின்னமனூர் கோயில் வாசலில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பொன்னுராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை நீட்டினார். நாகஜோதி நாலடி தள்ளி நின்று, அண்ணே கொஞ்சம் சிரிங்க என்று சொல்லி போட்டோ எடுத்தாள். எடுத்ததைப் பள்ளத்தாக்கில் தனக்குத் தெரிந்த அத்தனை பேர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினாள்.

சாயங்காலத்துக்குள் மார்க்கையன்கோட்டையிலிருந்தும் அனுமந்தன்பட்டியிலிருந்தும் போன் வந்தது. பொன்னுராஜே கொடுக்கிற வண்டியாமே என்று கேட்டுக் கேட்டு புக் செய்தார்கள். பொன்னுராஜின் முதலாளியும் அதே போட்டோவைப் பார்த்தார். மறுநாள் காலையில் பொன்னுராஜ் எதிர்ச்சாரிக்கு வந்து, அவள் மேஜை முன்னால் நின்றார்.

"முதலாளி இனி வரவேணாம்னுட்டாரு. ஏன்த்தா இப்படிப் பண்ணுன?"

நாகஜோதிக்கு வயிறு குளிர்ந்தது.

"நான் சாவியத் தொடவே இல்லண்ணே. எல்லாம் உங்க கை பண்ணுனதுதான்."