பதினோரு டேக்குகள்

திருவிடந்தை வீட்டு மொட்டைமாடியில் பிரிசில்லா விதைபோட்டு வளர்த்த கலப்புச் செம்பருத்தி மூன்றாம் வருஷம் முதல் பூ பூத்தது. செங்கல் நிறம், விளிம்பில் மட்டும் சாம்பல் படர்ந்த இதழ்கள். செம்பருத்தி வளர்ப்போர் குழுவில் அப்படியொரு பூவை யாரும் பார்த்ததில்லை. உடனே பெயர் பதிவு செய்யச் சொன்னார்கள். தாய்ச்செடி எது, மகரந்தம் எந்தச் செடியுடையது, சேர்த்த தேதி என்ன என்று படிவம் கேட்டது.

அவளிடம் எல்லாம் இருந்தது. காலையில் மகரந்தம் தடவிய கையோடு காம்பில் இரண்டு செடிகளின் பெயரும் எழுதிய டேக் கட்டி, நோட்டிலும் எழுதிவிடுவாள். இந்தச் செடிக்கு விதை எடுத்த வருஷம் ஒரே வெள்ளைச் செடியில் பதினோரு காய் பிடித்தன. ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் வேறு வேறு செடியிலிருந்து எடுத்தது.

படிவத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது கணவன் கலைவாணன் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஷிப்ட் முடிந்து வந்தவன் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“அத்த அனுப்பாத, பிரிசில்லா.”

“இன்னாத்துக்கு?”

“அந்த டேக்கெல்லாம் நான் கட்னது.”

மூன்று வருஷம் முன்பு, அந்தக் காய்கள் முற்றுவதற்குள் புயல் அடித்த வாரம் அவள் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் மாடியேறிப் பார்த்தான். காய்கள் செடியிலேயே இருந்தன. டேக்குகள் அத்தனையும் அறுந்து, தேங்கிய தண்ணீரில் மிதந்தன. பொறுக்கித் துடைத்து, கைக்கு வந்தபடி கட்டிவிட்டான்.

“உன் மூஞ்ச பாத்துகினு இதையும் எப்டி சொல்றது? அப்பால சொல்லலாம்னு வுட்டேன். நாள் போய்க்கினே இருந்துச்சு.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்களில் பிரிசில்லா வாய்திறந்து பேசியது அந்தக் காய்களோடு மட்டும்தான். ஒவ்வொரு டேக்காகப் படித்து, இது இன்ன செடியின் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி விதை எடுத்திருந்தாள். கத்தவேண்டும்போல இருந்தது. எதிரில் இருந்தவன் தலை நிமிரவேயில்லை.

நோட்டில் டேக்கைப் பார்த்து விதைக் கணக்கு எழுதிய பக்கத்தை எடுத்து, பதினோரு வரியிலும் மகரந்தச் செடியின் பெயரை அடித்தாள். படிவத்தில் அந்த இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினாள். குழுவுக்கும், மகரந்தச் செடி எதுவென்று முன்பு சொன்னது தவறு என்று செய்தி போட்டாள்.

“செடிங்கள பிடுங்கிடட்டா?” என்றான் அவன்.

“அதுங்க இன்னா பண்ணுச்சு? இருக்கட்டும்.”

பிறகு, மூன்று வருஷமாகக் கேட்காததை அவள் கேட்டாள்.

“கொழந்தைய நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொல்லு.”

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்கினான்.