ஆறாம் செக்ஷனில் ஓர் ஓட்டை

செல்வினுக்கு விரல்கள் நீளம், ஷிஜாவுக்குக் குட்டை. ஒரே வண்டியைப் புருஷனும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவதால் போட்டி நாட்களில் இது பெரிய விஷயமாகிவிடும். செல்வின் ஓட்டி இறங்கியதும் கிளட்ச் லிவரைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுவர வேண்டும். கேபிளின் தளர்ச்சியைப் பார்க்க வேண்டும். பின் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அவனுக்கு ஆறு பி.எஸ்.ஐ. காற்று, அவளுக்கு ஐந்துதான் வேண்டும்.

அன்றைக்கும் காலை பதினொரு மணிக்கு, மூக்குன்னிமலை அடிவாரத்துப் பழைய கல்குவாரியில், ஒரு பலாமர நிழலில் குந்தியிருந்து ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தான். ஷிஜா ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"பிடிச்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தாள். "எட்டல்ல அத்தான். இன்னும் உள்ள வரணும்."

"இதுக்கு மேல எங்க உள்ள வர? உனக்கு இருக்கது கையா, கரண்டியா?"

"இந்தக் கரண்டியிலதான பன்னிரண்டு வருசமா விளம்பித் திங்கிறீங்க. திருகுங்க பேசாம."

திருகினான்.

இது வேகமாகப் போகிறவன் ஜெயிக்கிற போட்டி அல்ல. பாறைகளுக்கு நடுவே நாடா கட்டி வழி குறித்திருப்பார்கள். ஒவ்வொரு வழிக்கும் செக்ஷன் என்று பேர். அதற்குள் வண்டியை நிறுத்தாமல், காலைத் தரையில் ஊன்றாமல் கொண்டுபோய் வெளியே எடுக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை ஆனாலும் மூன்று. விழுந்தாலோ நின்றுபோனாலோ ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர். ஸீட்டைக் கழற்றிய, பின்பக்கம் பெரிய பற்சக்கரம் போட்ட பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளோடு இருபது இருபத்தைந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு இங்கே கூடுகிறார்கள். அதுதான் கிளப்.

ஷிஜா இதற்கென்றே பிறந்தவள் என்று செல்வின் நினைப்பான். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. "காலத் தூக்குங்க சேச்சி, பிரேக் எதுக்கு இருக்கு?" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அவளுடைய கால்களுக்கே தரை மறந்துவிட்டது. செல்வின் பழவங்காடியில் எடைமெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். மார்க்கெட் வியாபாரிகள் எத்தனையோ பேர் தோளில் கை போட்டு, "ஒரு அஞ்சு கிராம் நம்ம பக்கமா சாச்சு வையும்" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் வைத்துக் கொடுத்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு கர்வமும் உண்டு.

அன்றைய போட்டி வருடத்தின் கடைசிப் போட்டி. வண்டியின் முன்னால் மாட்டுகிற தகட்டின் நிறத்தை வைத்துத்தான் வகுப்பு. அன்று நீலத் தகடு வகுப்பில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு மேல் வகுப்பான மஞ்சள் தகடு கிடைக்கும். ஷிஜா மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அது. ஆனால் கிளப்பில் ஒரு விதி இருந்தது. ஒரு வண்டியை ஒரு வகுப்பில்தான் பதியலாம். ஷிஜா மஞ்சளுக்குப் போனால் வண்டியும் அவளோடு போகும், நீலத்திலேயே கிடக்கிற செல்வின் வெறுங்கையோடு நிற்க வேண்டும். இதை அவன் அவளிடம் சொன்னதில்லை. விதி அவளுக்கும் தெரியும், அவளும் பேச்செடுத்ததில்லை.

செக்ஷனில் நின்று புள்ளி போடுகிற அப்சர்வர் வேலைக்கு வெளியாள் கிடைப்பதில்லை என்பதால் காலையில் ஓட்டி முடித்தவர்கள் சீட்டு எடுத்து, அடுத்த தொகுதிக்கு ஆளுக்கொரு செக்ஷனில் நிற்பது வழக்கம். செல்வினுக்கு விழுந்தது ஆறு, கடைசி செக்ஷன். செயலாளர் ராஜமணியிடம் சீட்டைத் திருப்பி நீட்டினான்.

"எனக்கு வேற வேல ஏதாவது தாங்க சார். இந்தத் தொகுதியில அவ வருவா."

"பெண்டாட்டி வந்தா கண்ணு தெரியாதோ? ஆளில்ல ஓய். போயி நில்லும்."

போய் நின்றான்.

ஆறாம் செக்ஷனில் முதலில் ஒரு சேற்று ஓடை, பிறகு இடுப்பளவு உயரத்தில் ஒரு சாய்ந்த பாறை, அதிலிருந்து இறங்கியதும் ஒரு குண்டுப் பாறையை உரசினாற்போல் இடப்பக்கத் திருப்பம். அகில் அதைக் கால் ஊன்றாமல் முடித்தான். பொறியியல் கல்லூரியில் படிக்கிற பையன், நன்றாக ஓட்டுவான். மொத்தம் பன்னிரண்டு புள்ளியில் முடித்துவிட்டு, மேலே திட்டில் நாலைந்து பேரோடு வந்து நின்றுகொண்டான். ஷிஜா ஐந்து செக்ஷன்களில் பதினொன்று வாங்கியிருந்தாள். இங்கே சுத்தமாக வந்தால் அவள் முதல். ஒன்று விழுந்தால் சமம், ஆனால் சுத்தமாக முடித்த செக்ஷன்கள் அகிலுக்குத்தான் அதிகம், தகடு அவனுக்கு.

கடைசி ஆளாக ஷிஜா வந்தாள். ஓடையில் வண்டி வழுக்கப் பார்த்தது, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நேராக்கினாள். பாறைமேல் ஏறும்போது முன் சக்கரம் ஒரு கணம் காற்றில் நின்றது. இறங்கி, திரும்பினாள். வண்டி சாய்ந்ததில் அவளுடைய இடது பூட்ஸின் ஓரம் குண்டுப் பாறையில் உரசி, கொஞ்சம் செம்மண் தெறித்தது. கால் ஃபுட்ரெஸ்டை விட்டு நகரவில்லை. செல்வின் அதை நன்றாகப் பார்த்தான். காலை எடுக்காமல் பூட்ஸ் உரசினால் புள்ளி இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

அதே நேரத்தில் மேலே திட்டில் நிற்கிறவர்களையும் பார்த்தான். அவனுடைய கை தானாக உயர்ந்து ஒரு விரலைக் காட்டியது.

வெளியே வந்து ஷிஜா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணா?"

"ஒண்ணு."

வீட்டில் குழம்பில் உப்பு ஒரு கல் கூடிற்றா குறைந்ததா என்று அரைமணி நேரம் சண்டை போடுகிறவள், ஹாண்டில்பாரில் கட்டியிருந்த புள்ளிக் கார்டைப் பேசாமல் நீட்டினாள். செல்வின் ஓட்டை போடுகிற கருவியைக் கார்டில் வைத்து அழுத்தினான். ஒன்று என்ற கட்டத்தில் ஓட்டை விழுந்தது. "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் 'செரி' அவனை அங்கே நிற்கவிடவில்லை. குண்டுப் பாறையிடம் போனான். கணுக்கால் உயரத்தில் பாறையில் ஒரு கீறல் இருந்தது. கீழே ஈரமண்ணில் டயர் தடம் மட்டும், பூட்ஸ் தடம் இல்லை. பார்க்காவிட்டாலும் தெரிந்த விஷயம்தான். பெண்டாட்டிக்குச் சாதகம் செய்தான் என்று யாரும் சொல்லக்கூடாது, அதற்குத்தான் விரல் எழுந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி வண்டி. எடைத்தட்டில் விரல் வைக்க மாட்டேன் என்று இத்தனை வருடம் பெருமை பேசியவன், கடைசியில் வைத்தது சொந்த மனைவியின் தட்டில்.

தார்ப்பாய்க்குக் கீழே ராஜமணி கார்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். செல்வின் போய் நின்றான்.

"சார், ஆறில ஷிஜாவுக்கு நான் போட்டது தப்பு. கால் ஊணல்ல."

ராஜமணி கண்ணாடியைக் கழற்றினார். "ஓட்டை போட்டாச்சே ஓய். இனி ஓட்டைய அடைக்க மைதா மாவா கொண்டு வர? திருத்தணும்னா நீரும் கையொப்பு போடணும், இதனால தோக்கிறவனும் போடணும். அதாக்கும் விதி. அகிலே, இங்க வா!"

அகில் சிரித்த முகத்தோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"செல்வின் சேட்டா, நான் மேலேருந்து பாத்தேன். கால் தட்டின மாதிரிதான் தோணிச்சு."

"பூட்ஸ் உரசிச்சு. கால் எடுக்கல்ல."

"பின்ன எதுக்கு வெரல் காட்டினீங்க?"

வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஷிஜாவும் பிரஷ்ஷோடு வந்து நின்றிருந்தாள். செல்வின் அவளைப் பார்க்காமல் அகிலைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க எல்லாரும் நிக்கீங்கன்னு பயந்தேன். அது மட்டும் இல்ல. அவ மஞ்சளுக்குப் போனா எனக்கு ஓட்ட வண்டி இல்ல. அதும் மனசுல கெடந்துச்சு."

"அய்யோ சேட்டா!" அகில் தலையில் கை வைத்தான். "இத கோர்ட்ல கூட ஆரும் ஒத்துக்க மாட்டாங்களே." பிறகு ஷிஜாவிடம் திரும்பினான். "சேச்சி, நீங்க சொல்லுங்க. கால் ஊணினீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் அங்கயே தர்க்கம் பண்ணல்ல?"

ஷிஜா பிரஷ்ஷிலிருந்த தண்ணீரை உதறினாள். "அங்க நின்னது எங்க வீட்டு ஆளு. அத்தன பேரு முன்னால அவங்க கண்ணு பொய்யின்னு நான் சொல்லவா?"

அகில் கார்டை வாங்கி, வெளிச்சத்தில் அந்த ஓட்டையைத் தூக்கிப் பார்த்தான். தகடு கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு அவன் போனில் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

"பேனா தாங்க சார்."

கார்டில் கையெழுத்துப் போட்டுப் பேனாவைச் செல்வினிடம் நீட்டினான். "மேல போயி நல்லாப் பழகி வைங்க சேச்சி. அடுத்த வருசம் நான் வந்து தோக்கடிக்கேன்."

"வா மக்கா, வா," என்றாள் ஷிஜா.

ராஜமணி மஞ்சள் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு இருவரும் வண்டியருகே தனியாக நின்றார்கள். செல்வின் நீலத் தகட்டின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

"வண்டிய நெனச்சு இப்படி வெசனப்பட்டது என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நீ வேணும்னே கால் ஊணியிருப்பே."

ஷிஜா யோசித்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஊணியிருப்பேன்," என்றாள் கடைசியில். "அதுக்கு அப்புறம் ஒரு வருசம் உங்களத் திட்டியிருப்பேன்."

மஞ்சள் தகடு கோணாமல் இருக்கிறதா என்று செல்வின் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அடுத்த மாசம் நான் ஓட்டும்போ நீங்க எங்க நிப்பீங்க?"

"பாறைக்குக் கீழ. வுழுந்தா பிடிக்க."

"வண்டியவா, என்னயவா?"

"எது முதல்ல வருதோ அத."

ஷிஜா ஈரப் பிரஷ்ஷை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். செம்மண் தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை, அடுத்த போல்ட்டை இறுக்கினான்.