இலவமரம் இருந்த இடம்

சியோமாராவின் மழைக்கோட்டைப் பார்த்தாலே எவெனோருக்குப் பற்றிக்கொண்டு வரும். மஞ்சள் கோட்டு, மடிப்புக் கலையாதது. மனாகுவாவில் அக்டோபர் மழை எல்லார் தலையிலும்தான் கொட்டுகிறது. இவள் மட்டும் எப்படி அலுங்காமல் நலுங்காமல் வந்து நிற்கிறாள்? அவனுடைய கோட்டு முதுகுப் பக்கம் கிழிந்து இரண்டு வருஷமாகிறது. பதினோரு வருஷம் மோட்டார் சைக்கிளில் பார்சல் சுமந்ததில் கோட்டும் போயிற்று, இடுப்பும் போயிற்று.

அவள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவனே இவன்தான். அதுதான் அவனை இன்னும் அரித்தது. இரண்டு வாரம் பின் சீட்டில் உட்காரவைத்து ஊரையெல்லாம் சுற்றிக் காட்டினான்.

"இங்க தெருப் பேரும் கெடையாது, கதவு நம்பரும் கெடையாது. அந்தக் கடையிலேர்ந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, மேல, அதாவது கெழக்கால, ஒரு தெருன்னு எழுதி அனுப்புவாங்க. பாதி கடை இப்ப இருக்காது. அதனால எப்பவும் ரெண்டு பேரக் கேளு. ஒருத்தன் சொன்னா அது வதந்தி. ரெண்டு பேர் சொன்னாத்தான் விலாசம்" என்று அன்று சொன்னான். அவள் அதை ஒரு சின்ன நோட்டில் வேறு எழுதிக்கொண்டாள்.

இந்த வருஷம் கம்பெனியில் காலியானது ஒரே ஒரு வேன். வேன் என்றால் தலைக்கு மேல் கூரை, சம்பளத்தில் ஒரு தூக்கல். இரண்டு வருஷம் வேன் ஓட்டினால் ஊர் விட்டு ஊர் போகும் லாரி, அதற்கு அப்புறம் டிப்போவில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை. மோட்டார் சைக்கிளிலேயே கிடப்பவன் அதிலேயே கிழவனாக வேண்டியதுதான். எவெனோருக்கு நாற்பத்து மூன்று வயது. அடுத்த வேன் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வேனுக்கான ஆறு நாள் பயிற்சி வகுப்புக்கு அவனும் சியோமாராவும் போனார்கள். அங்கேயும் அதே கதைதான். பெட்டி தூக்கிக் காட்டச் சொன்னால், "எல்லாரும் சியோமாராவப் பாருங்க, முதுக வளைக்காம முட்டிய மடக்கித் தூக்குறாங்க பாருங்க" என்றார் வாத்தியார். கூம்புகளுக்கு நடுவே வேனைப் பின்னால் எடுக்கச் சொன்னால் அவள் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. இவன் இரண்டைச் சாய்த்தான். வீட்டுக்கு வந்தால் மனைவி நூபியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சியோமாரா குடுத்துட்டுப் போச்சு. தங்கமான பொண்ணு."

"நீயே அதத் தத்தெடுத்துக்கோ" என்றான். அந்த ஆரஞ்சை அவன் தொடவில்லை.

கடைசியில் ஓட்டப் பரீட்சை. டிப்போ மேற்பார்வையாளர் தோன் அபெலினோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பத்துப் பார்சலைச் சரியான வீட்டில் சேர்க்க வேண்டும். முதல் நாள் எவெனோரின் முறை. ஒன்பதைச் சுளுவாகச் சேர்த்தான். பத்தாவதின் விலாசம் மருந்துக்கடை இருந்த இடத்திலிருந்து கீழே ஒரு தெரு. அந்த மருந்துக்கடை இரண்டு முறை இடம் மாறியிருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். பதினோரு வருஷம் ஓட்டிவிட்டு, பெரியவர் முன்னால் வண்டியை நிறுத்தி வழி கேட்பதா? வீம்புக்கு ஒரு வீட்டு வாசலில் வைத்து, சேர்த்ததற்கு அத்தாட்சியாகப் படமும் எடுத்தான். அது வேறு வீடு.

"பத்துக்கு ஒம்பது. நாளைக்கு அவளும் ஒம்பது வாங்கினா, சர்வீஸ் பாத்து வேன் உனக்குத்தான். பத்து வாங்கிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றார் தோன் அபெலினோ.

அவள் ஒரு தப்புச் செய்தால் போதும். இரவெல்லாம் அவனுக்கு அதே நினைப்பு.

காலையில் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் காபி குடிக்கப் போனார். சியோமாரா நேராக இவனிடம் வந்தாள்.

"அண்ணே, மத்ததெல்லாம் தெரிஞ்ச எடம். இது ஒண்ணுதான். தோன்யா தொமாசான்னு ஒரு அம்மா, இலவமரம் இருந்த இடத்துலேர்ந்து ஏரிப் பக்கம் மூணு தெரு, பச்சை கேட்டு. எந்த மரம்ணே? ரெண்டு இருந்துச்சுல்ல?"

இரண்டு இருந்தது உண்மைதான். ஒன்று பூகம்பத்தில் விழுந்தது, ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னொன்றைச் சாலையை அகலப்படுத்தும்போது வெட்டினார்கள், ஐந்து வருஷம் இருக்கும். தொமாசாக் கிழவிக்கு எவெனோர் பத்து தடவையாவது பார்சல் கொடுத்திருக்கிறான். அவள் சொல்வது பூகம்ப மரம்.

மஞ்சள் கோட்டில் ஒரு கறைகூட இல்லை.

"ரோட்டுக்காக வெட்டுனாங்களே, அந்த மரம்" என்றான்.

"ரொம்ப நன்றிண்ணே. நீங்க இல்லன்னா திண்டாடியிருப்பேன்."

அன்று காலைப் பார்சல் சுற்று முழுவதும் அவனுக்குக் குஷிதான். வேனில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. 'நீங்க இல்லன்னா' என்று அவள் சொன்னது மட்டும் நடுநடுவே வந்து கெடுத்தது.

மத்தியானம் டிப்போவுக்குத் திரும்பியபோது வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. தோன் அபெலினோ மேஜையில் படிவத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"பத்துக்குப் பத்து! வா, வந்து கேளு. அந்தக் கடைசி விலாசம் இருக்கே, வண்டிய நிறுத்திட்டு மரவள்ளிக்கிழங்கு விக்கிற தூலாவக் கேட்டா. தூலா, 'வாங்குறவங்களுக்கு என்ன வயசு?'ன்னா. இவ பார்சல் சீட்டப் பாத்து எம்பதுன்னதும், 'அப்ப பூகம்ப மரம்தான், அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அதுதான் மரம்'னுட்டா. இவ அதோட விட்டாளா? பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருத்தர வேற பிடிச்சுக் கேட்டா. யாரும்மா உனக்கு ரெண்டு பேரக் கேக்கச் சொல்லிக் குடுத்தது?"

"எவெனோர் அண்ணன்தான்" என்றாள் சியோமாரா.

"பாத்தியா! நேத்து நீ அதச் செஞ்சிருந்தா இன்னிக்கு வேன் உனக்கு." பெரியவர் பேனாவைத் தட்டி அவள் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கிளம்புறதுக்கு முன்னாடி டிப்போவுல யாரையாவது விசாரிச்சியா? என்ன சொன்னாங்கன்னும் எழுதணும்."

பரீட்சையில் ஆளைத் தப்பாக அனுப்பியது எவெனோர் என்று தெரிந்தால் வேனை விடு, மோட்டார் சைக்கிளே மிஞ்சாது.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரையும் கேக்கல" என்றாள்.

வெளியே கூரைக்கடியில் அவளைப் பிடித்தான். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?"

"எத?"

"காலையில என்னக் கேட்டத."

அவள் மஞ்சள் கோட்டை நிதானமாக மடித்துப் பையில் வைத்தாள். இனி அது அவளுக்குத் தேவைப்படாது.

"ரெண்டு பேரக் கேக்கணும்னுதானே சொல்லிக் குடுத்த? ரெண்டு பேரக் கேட்டேன். அதுல உன்ன நான் எண்ணல, எவெனோர்."

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த 'அண்ணே' வரவில்லை. அவள் சாவியை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்த நிமிஷமே போட்டுக்கொடுத்திருப்போம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வேன் கிடைத்ததைவிட, அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாளே, அதன் மேல்தான் அவனுக்குப் பொறாமை பொங்கியது. மத்தியானத்துக்கு இன்னும் பதினாறு பார்சல் இருந்தது. கிழிந்த கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தான்.